பழைய அவுட்போர்டு பந்தய இயந்திரங்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் 1930-களிலிருந்து 1950-களின் இறுதி வரை பொழுதுபோக்குப் பந்தயக்காரர்கள் ஓட்டிய அவுட்போர்டு இயந்திரங்கள் (படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படுபவை) பெரும்பாலும் இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு வகுப்புகள் பிரிக்கப்பட்டன. ஏ வகுப்பு ஏறத்தாழ 15 கன அங்குலம், பி வகுப்பு 20, சி வகுப்பு 30, எஃப் வகுப்பு 60 என்பது பொதுவான அளவு. பி வகுப்பின் 20 கன அங்குலம் என்பது சுமார் 328 சி.சி.; அதாவது நம் ஊர் 350 புல்லட்டைவிடச் சற்றுச் சிறிய இயந்திரம். போருக்கு முந்தைய ஜான்சன் பிஆர், போருக்குப் பிந்தைய மெர்குரி கேஜி-7, மார்க் 20எச் போன்றவை அக்காலத்தில் பெயர் பெற்றவை. அவை இன்றும் பழைய இயந்திரங்களைச் சேகரிப்பவர்களிடம் ஓடும் நிலையில் உள்ளன. இந்த வழிமுறை அத்தகைய இயந்திரங்களுக்கானது.

படிப்பதற்கு முன் ஒரு விதியை மனத்தில் கொள்ளவும்: கார்புரேட்டரைத் தொடுவது கடைசி வேலை. பழைய பந்தயக் கரைகளில் வீணான நேரத்தில் பெரும்பகுதி, மின்பொறியிலோ புரொப்பெல்லரிலோ இருந்த குறைக்காகக் கார்புரேட்டரின் ஊசியைத் திருகிக்கொண்டிருந்ததில் போனது என்பது என் கணிப்பு. ஊசி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, திருகினால் ஒலி மாறுகிறது, ஒலி மாறினால் ஏதோ சரியாகிறது என்ற மயக்கம் வருகிறது. முதலில் மின்பொறி, அடுத்து எரிபொருள் வந்து சேரும் வழி, பிறகு அமுக்கம், அதன்பின் படகும் புரொப்பெல்லரும், எல்லாவற்றுக்கும் பிறகே கார்புரேட்டர் என்று போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் பந்தய இயந்திரங்களில் பலவற்றுக்கு நியூட்ரல் கிடையாது; பற்றிய கணமே புரொப்பெல்லர் சுழலும், படகு நகரும். கயிறு சுற்றும் பிளைவீலும் மூடியின்றித் திறந்தே இருக்கும். ஆகவே கரையில் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிடவும், தளர்ந்த துணியோ துண்டோ அணிந்து அருகில் நிற்க வேண்டாம்.

கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பற்றவில்லை

இரண்டு பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். பிளக் முற்றிலும் காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறிதான் இல்லை அல்லது வெள்ளம்போல் எரிபொருள் நிறைந்துவிட்டது. இந்த ஒரு பார்வையிலேயே தேடும் இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

நனைந்த பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடலை சிலிண்டர் தலையில் நன்றாகத் தொடவைத்துக் கயிற்றை இழுக்கவும். நிழலில் பார்த்தால் நீலநிறப் பொறி தெளிவாகத் தெரிய வேண்டும். மஞ்சளாகவும் மெலிதாகவும் இருந்தால் அமுக்கத்தின் நடுவே அது தாண்டாது. பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னெட்டோவில் திறந்து மூடும் தொடுமுனைகளான பாயிண்டுகள் மாதக்கணக்கில் சும்மா இருந்தாலே மெல்லிய ஆக்சைடு படிந்து மின்சாரத்தைத் தடுத்துவிடும். வழுவழுப்பான தாளை இடையில் வைத்து இழுத்தாலே பல நேரங்களில் பொறி திரும்பும். பிறகு இடைவெளியை அளந்து பாருங்கள். 1950-களின் ஜான்சன், எவின்ரூட் மேக்னெட்டோக்களில் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். அதே இயந்திரங்களில் மின்னழுத்தத்தை உயர்த்தும் கம்பிச்சுருள்களான காயில்களில் மேலுறை வெடித்துப் பிளந்திருப்பது மிகப் பொதுவான குறை. வெடிப்பு கண்ணில் பட்டால் சோதனையே தேவையில்லை, காயிலை மாற்றிவிடவும்.

எதிரெதிராகச் சிலிண்டர்கள் படுத்திருக்கும் பழைய இயந்திரங்களில் ஏமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு. அவற்றில் இரண்டு சிலிண்டர்களும் ஒரே நேரத்தில் எரியும். பலவற்றில் ஒரே காயிலின் இரு முனைகள் இரண்டு பிளக்குகளுக்கும் போகும். ஒரு வயரைக் கழற்றித் தொங்கவிட்டுச் சோதித்தால் மற்றொன்றிலும் பொறி வராது; காயில் செத்துவிட்டது என்று தவறாக முடிவு செய்ய நேரும். கழற்றிய வயரை இயந்திரத்தின் உடலோடு சேர்த்துவிட்டுத்தான் மற்றதைச் சோதிக்க வேண்டும்.

பொறி நன்றாக இருந்தும் பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், எரிபொருள் குழாயை மூடி, பிளக்குகளை வெளியே வைத்து, பிளக் வயர்களை உடலோடு சேர்த்துவிட்டுப் பலமுறை கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றவும். மீண்டும் மீண்டும் நிரம்பினால் கார்புரேட்டரின் மிதவையைப் பார்க்கலாம். பழைய மிதவைகள் தக்கையால் ஆனவை; மேலே பூசிய அரக்கு வார்னிஷை ஆல்கஹால் கலந்த இன்றைய பெட்ரோல் கரைத்துவிடுவதால், தக்கை ஊறி மூழ்கி, ஊசி வால்வு மூடாமலே நின்றுவிடும். இந்த ஓர் இடத்தில் மட்டும் கார்புரேட்டரைத் திறப்பது முன்வரிசை வேலையாகிறது.

பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால் என்ற ஆல்கஹாலில் ஓடும் இயந்திரம் குளிர்ந்த காலையில் பற்றாமல் இருப்பது பிழை அன்று. மெத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது. பிளக் துளைகளில் சில துளி பெட்ரோல் விட்டுப் பற்றவைத்தால், அந்தச் சூட்டில் மெத்தனால் எடுத்துக்கொள்ளும்.

கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கி எறிகிறது

பற்றும் தருணத்தில் இயந்திரம் எதிர்த்திசையில் உதைத்தால் பொறி மிகவும் முன்னதாக வருகிறது என்று பொருள். பொறி நேரத்தை மாற்றும் கைப்பிடி உள்ள இயந்திரமாக இருந்தால், அது தொடக்க நிலைக்குப் பின்தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பிளைவீலைக் கழற்ற வேண்டும். கிராங்க் தண்டின் கூம்பில் பிளைவீலை நிறுத்தும் சிறிய கீ பாதி அறுந்து நகர்ந்திருக்கும். கீயை மட்டும் மாற்றுவது போதாது. பிளைவீலை உண்மையில் பிடித்திருப்பது கூம்பின் இறுக்கமே. கீ இடத்தைக் காட்டுவதற்கு மட்டும் உள்ளது. கூம்பில் கீறல் இருந்தால் மென்மையான அரைப்புப் பசையால் இரண்டையும் பொருத்தி அரைத்து, எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்து, நட்டை முழு இறுக்கத்தில் முடுக்கவும்.

மெதுவாக ஓடுகிறது, தொடக்கக் கோட்டை நோக்கி விசையைத் திறந்தவுடன் திணறுகிறது

பந்தயத் தொடக்க முறையைப் புரிந்துகொண்டால்தான் இந்த அறிகுறி புரியும். படகுகள் கோட்டில் நின்று புறப்படுவதில்லை. பெரிய கடிகாரத்தின் முள் ஒரு நிமிடத்தை எண்ணி இறங்கும். ஓட்டுநர்கள் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்து, முள் பூச்சியத்தைத் தொடும்போது முழு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். முன்னதாகக் கடந்தால் தகுதியிழப்பு. அந்தச் சுற்றும் நேரத்தில், முழு வேகத்துக்காகச் செறிவாக வைக்கப்பட்ட கலவையைக் குறைந்த வேகத்தில் எரித்துக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் பிளக்குகள் எண்ணெய்ப் பிசுக்கேறி நனைந்துவிடும். எனவே சுற்றும்போது அவ்வப்போது சில கணங்கள் முழுவதும் திறந்து உள்ளே தேங்கியதை எரித்துவிடுவது ஓட்டுநரின் வேலை. அதைச் செய்தும் திணறினால் ஒரு படி சூடாக ஓடும் வகைப் பிளக்கை மாட்டிப் பார்க்கலாம். ஆனால் சூடான பிளக் முழு வேகத்தில் வெள்ளையாகிப் பிஸ்டனைத் துளைக்கக்கூடும் என்பதால், இந்தக் குறையைப் பிளக்கால் தீர்ப்பதைவிடக் கையால் தீர்ப்பதே நல்லது.

தொடக்கத்தில் நன்றாகப் போய், நேர்ப்பாதையின் நடுவில் விட்டுவிட்டு அடித்தால் ஒலியைக் கவனிக்கவும். மின்குறையால் வரும் தடுமாற்றம் திடீரென வெட்டினாற்போல் வரும், வந்த வேகத்திலேயே போகும். எரிபொருள் போதாமையால் வருவது மெல்லத் தேய்ந்து வரும். முதல் வகையில், சூடானபின் மட்டும் தோன்றினால் கண்டென்சரையும் காயிலையும், உச்ச வேகத்தில் மட்டும் தோன்றினால் பாயிண்டின் சுருள்வில்லையும் ஐயப்படவும். வில் தளர்ந்தால் பாயிண்ட், தன்னைத் தள்ளித் திறக்கும் கேமைப் பின்தொடராமல் மிதக்கும். இரண்டாம் வகையில் தொட்டியின் காற்றுத் துளை, வடிகட்டி, குழாயின் உட்புறம் ஆகியவற்றைப் பார்க்கவும். ஹட்சன் ஆற்றில் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை ஏறத்தாழ 130 மைல் ஓடிய மாரத்தான் போன்ற நெடும்பந்தயங்களில், இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லாமலே தொட்டியில் இறங்கிய சிறிதளவு நீரே ஒரு படகை நிறுத்தப் போதுமானது.

எந்த வகை என்று தெரியவில்லையா? ஓடும்போது கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் சிறிது மறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் கலவை மெலிந்திருக்கிறது. மேலும் தொய்ந்தால் கலவை ஏற்கெனவே செறிவாக உள்ளது.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை

ஒவ்வொரு பிளக்கையும் முறையே உடலோடு இணைத்துச் செயலிழக்கச் செய்யவும். எதைச் செய்தபோது ஒலி மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே தூங்குகிறது. பிளக்குகளை இடம் மாற்றிப் போடவும். குறை பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் வேலை முடிந்தது.

மாறவில்லையென்றால், மாறிமாறி எரியும் மெர்குரி வகை இயந்திரங்களில் ஒரு சிறப்பை நினைவில் கொள்ள வேண்டும். டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, அங்கே அமுக்கப்பட்டு, பிறகே சிலிண்டருக்குள் ஏறுகிறது. மாறிமாறி எரியும் இரட்டைச் சிலிண்டர்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிராங்க் அறை உண்டு. எனவே ஒன்றில் காற்றுக் கசிந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் மெலிந்த கலவையில் சூடேறும். மேல் பேரிங்கின் ஆயில் சீல், கிராங்க் அறையின் இணைப்பு விளிம்பு, காஸ்கெட் ஆகிய இடங்களில் சிறிது எண்ணெய் தடவி ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் தடவியதும் ஒலி சீரானால் கசிவு அங்கேதான். சிலிண்டர்கள் எதிரெதிராக உள்ள இயந்திரத்தில் கிராங்க் அறை பொதுவானது என்பதால், அங்கே கசிவு இரண்டு சிலிண்டர்களையும் சேர்த்தே நலிவடையச் செய்யும். ஒன்று மட்டும் செத்துக் கிடந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

கார்புரேட்டரின் வாயிலிருந்து எரிபொருள் துளிகள் வெளியே துப்பப்பட்டால், கலவையை உள்நோக்கி மட்டும் விடும் ரீடு வால்வின் தகடு ஒன்று விளிம்பு சிதைந்தோ வளைந்தோ இருக்கிறது. தகட்டைத் திருப்பிப் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. ஒரு முறை விரிசல் கண்ட தகடு உடைந்து உள்ளே போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்துக் கெடுக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முழு வேகத்தில் இழுவை குறைந்து, நின்று, பின் சுற்ற மறுக்கிறது

இது பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டதற்கான அடையாளம். நீரில் இருக்கும்போதே மல்லுக்கட்டிக் கயிற்றை இழுக்க வேண்டாம். இயந்திரம் ஆறும் வரை பொறுத்து, பிளக்குகளைக் கழற்றி, சிறிது எண்ணெய் விட்டுக் கையால் பிளைவீலை அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் விடுபட்டுவிடும். விடுபட்டது என்பதற்காக அடுத்த சுற்றுக்கு இறங்கிவிடக் கூடாது. காரணத்தைக் கண்டறியாவிட்டால் அது மறுபடியும் பிடிக்கும்.

முதலில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரைப் பாருங்கள். இயந்திரத்தின் நீருக்குள் இருக்கும் கியர்ப் பகுதியைக் கீழ்ப்பகுதி என்பார்கள்; பந்தயத்துக்கான கீழ்ப்பகுதிகள் பலவற்றில் நீர் இறைக்கும் பம்பு கிடையாது. படகின் வேகமே நீரைச் சிறு துளை வழியே உள்ளே தள்ளுகிறது. நீர்ப்பாசியின் ஓர் இழை அந்தத் துளையை அடைத்தாலும் சிலிண்டர் உலர்ந்துவிடும். அதே காரணத்தால், நீர் ஏறாத மெதுவான ஓட்டத்தை நீட்டிப்பதும், கரையில் சில நொடிகளுக்கு மேல் ஓட்டுவதும் ஆபத்து.

அடுத்து எண்ணெய். பெட்ரோலில் ஓடிய ஸ்டாக் இயந்திரங்களுக்கு (தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மாற்றமின்றி ஓட்டப்பட்டவை) கேலனுக்கு அரை பைன்ட், அதாவது பதினாறுக்கு ஒன்று, என்பது அக்காலத்துப் பொது அளவு. மெத்தனாலில் கனிம எண்ணெய் கரையாது; அதனால்தான் ஆல்கஹால் வகுப்பினர் ஆமணக்கெண்ணெயைக் கலந்தனர். அவர்களின் பந்தயக் கரையில் வீசிய மணம், நம் வீடுகளில் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்தால் வருவதன் எரிந்த வடிவமே. ஆனால் அதே ஆமணக்கெண்ணெய் பெட்ரோலில், குறிப்பாகக் குளிரில், நன்றாகக் கலக்காமல் அடியில் பிரிந்துவிடும். எரிபொருளை மாற்றியவர் எண்ணெயை மாற்ற மறந்தால் தொட்டியின் மேல்பாதி எண்ணெயற்றதாக ஓடும். கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டும் அப்படித்தான். பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால் மெத்தனாலுக்கு 6.4 பங்கு போதும். எனவே அதே காற்றுக்கு இரு மடங்குக்கும் மேலான எரிபொருள் செல்ல வேண்டும். பெட்ரோல் ஜெட்டோடு மெத்தனாலில் ஓட்டினால் பிஸ்டன் தப்பாது.

கலவை சரியா என்று அறிய, முழு வேகத்தில் ஓடும்போதே பொறியைத் துண்டித்து, மெதுவோட்டம் இல்லாமல் கரை சேர்ந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய வழக்கம். பெட்ரோலில் பீங்கானின் அடிப்பகுதி இளம்பழுப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு வெண்மையோ மணிமணியாக அலுமினியமோ தெரிந்தால் உடனே ஜெட்டைப் பெரிதாக்கவும். கார்புரேட்டரைத் தொடும் உரிமை இந்தச் சான்றுக்குப் பிறகே கிடைக்கிறது. மெத்தனாலில் பிளக்கின் நிறம் அவ்வளவாக மாறாது. அங்கே பிஸ்டனின் தலையைத்தான் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் ஒட்டியிருந்தால், வார்ப்பிரும்புச் சிலிண்டர்களில் மட்டும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒட்டிய இடத்தில் மட்டும் தொட்டுத் தேய்க்கலாம். அலுமினியம் நுரைத்துக் கரையும், இரும்பு அந்தக் குறுகிய நேரத்தில் பெரிதாகப் பாதிக்கப்படாது. திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டும். முடிந்ததும் நிறைய நீரால் கழுவி உடனே எண்ணெய் பூசவும். பிஸ்டனைத் திரும்பப் பொருத்தும்போது அதன் தலையில் உள்ள மேட்டின் செங்குத்தான பக்கம் கலவை நுழையும் துளையை நோக்கியும், சாய்வான பக்கம் புகைபோக்கித் துளையை நோக்கியும் இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் இயந்திரம் ஓடும், ஆனால் புதுக்கலவை நேராகப் புகைபோக்கி வழியே வெளியேறும்.

இயந்திரம் அலறுகிறது, படகு போகவில்லை

ஓடிக்கொண்டிருந்த படகு திடீரென நின்று இயந்திரம் மட்டும் கத்தினால் புரொப்பெல்லரை அதன் தண்டோடு பூட்டும் ஊசி அறுந்திருக்கிறது. மிதக்கும் கட்டையில் மோதும்போது கியர்களைக் காப்பாற்ற அறுவதற்கென்றே அது வைக்கப்பட்டது. கடினமான எஃகு ஊசியைப் போட்டு நிரந்தரத் தீர்வு காண நினைத்தால், அடுத்த மோதலில் கியர் உடையும்.

வளைவுகளில் மட்டும் அலறினால் புரொப்பெல்லர் நீருக்குப் பதில் காற்றைப் பிடிக்கிறது. பந்தயப் படகில் இயந்திரம் பின்பலகையில் வேண்டுமென்றே உயரமாக மாட்டப்படும்; நீருக்குள் இழுபடும் பகுதி குறைந்தால் வேகம் கூடும். மூன்று புள்ளிகளில் மட்டும் நீரைத் தொடும் ஹைட்ரோபிளேன் படகில் இரு பக்க மிதவைகளும் புரொப்பெல்லரும்தான் அந்த மூன்று புள்ளிகள். ஆகவே 1/8 அங்குலத் தடிப்புள்ள பலகைத் துண்டுகளால் உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வளைவில் பிடிப்பு திரும்பும் இடத்தில் நிறுத்தவும். உயரத்தைக் குறைத்தும் அலறினால் புரொப்பெல்லரின் இலை விளிம்பைப் பாருங்கள். வெண்கலத்தில் ஒரு சிறு நெளிவு போதும், நீரின் பிடி விட்டுவிடும். இரு இலைகளின் கோணமும் ஒன்றாக இருக்கிறதா என்று அச்சுக்கட்டையில் வைத்துத் தட்டிச் சரிசெய்வதும், கத்தி முனைகளில் நிறுத்தி எடையைச் சமன்செய்வதும் அக்காலத்துப் பந்தயக்காரர்கள் குளிர்கால இரவுகளில் செய்த வேலை. 1958-இல் சியாட்டிலில் ஹியூ என்ட்ராப் மெர்குரி இயந்திரத்தோடு மணிக்கு 107 மைலைத் தாண்டியபோது, நூறு மைல் என்ற எல்லையைக் கடந்ததில் குதிரைத்திறனுக்கு இருந்த பங்கு படகின் அமைப்புக்கும் புரொப்பெல்லருக்கும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் வரவில்லை

அலறலுக்கு நேர்மாறான அறிகுறி: இயந்திரம் சுழற்சி ஏறாமல் முனகுகிறது. இலைக்கோணம் அதிகமான புரொப்பெல்லரைச் சிறிய இயந்திரத்தில் மாட்டினால் இப்படித்தான் இருக்கும். கரையில் இரண்டு கம்பங்களை நட்டு நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, புரொப்பெல்லரை மட்டும் மாற்றி மறுபடி அளக்கவும். காதை நம்ப வேண்டாம். அதிகம் கத்தும் இயந்திரம் வேகமாகப் போவதுபோலத் தோன்றும்.

இந்த நிலையில் துளைகளை அகலமாக்குவது, உள்ளே தேய்த்து மெருகேற்றுவது போன்ற எண்ணங்கள் வரும். ஸ்டாக் வகுப்புகளில் வென்ற இயந்திரத்தைப் பந்தயம் முடிந்ததும் பிரித்து அளப்பது வழக்கம். தொழிற்சாலை அளவிலிருந்து மாறினால் வெற்றி பறிபோகும். மாற்றியமைத்த இயந்திரங்களுக்கெனத் தனி வகுப்புகள் இருந்தன.

மூக்கு குதிக்கிறது, அல்லது வளைவில் முனை குத்துகிறது

இயந்திரத்தின் சாய்வே முதற்காரணம். புரொப்பெல்லர் பின்பலகையிலிருந்து விலகிச் சாய்ந்தால் மூக்கு தூக்கப்படும், குதிக்கும். காற்றடிக்கும் நாளில் ஹைட்ரோபிளேன் அப்படியே மல்லாந்துவிடவும் கூடும். உள்நோக்கிச் சாய்த்தால் மூக்கு அமிழும். அளவுக்கு மீறினால் வளைவில் முனை நீரைக் குத்திப் படகைச் சுழற்றிவிடும். ஆப்புத் துண்டுகளால் சிறிது சிறிதாக மாற்றவும். முழங்காலிட்டு ஓட்டுபவர் முன்னால் சாய்ந்தாலே எடை மாறுவதால், சோதனையின்போது ஓட்டுநர் ஒரே நிலையில் இருப்பது அவசியம். வளைவில் படகு வழுக்காமல் பிடிக்கும் அடிப்பலகைத் தகடு வளைந்திருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

விசையை விட்டும் வேகம் குறையவில்லை

பந்தயப் படகின் விசைப்பிடி, கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் நீரில் விழுந்தால் படகை நிறுத்துவது அதுவே. கம்பியின் ஓர் இழை பிரிந்திருந்தாலோ சுருள்வில் தளர்ந்திருந்தாலோ அன்றைய பந்தயம் அத்துடன் முடிந்தது. புதிதாக மாற்றாமல் நீரில் இறக்கக் கூடாது.

அடுத்த வாரம் எடுத்தால் பிளைவீல் அசையவில்லை

ஆமணக்கெண்ணெய் காய்ந்து பசையாகி ரிங்குகளை ஒட்டிவிடும்; எஞ்சிய மெத்தனால் ஈரத்தை இழுத்து அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் அரிக்கும். எனவே பந்தயம் முடிந்த அன்றே, தொட்டியை வடித்து, பெட்ரோலும் கனிம எண்ணெயும் கலந்து, நீரில் சிறிது நேரம் ஓட்டிக் கழுவிவிட வேண்டும். கீழ்ப்பகுதியின் கிரீஸைத் திறந்து பார்ப்பதும் அதே நேரத்து வேலை. பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே நீர் நுழைந்திருக்கிறது. ஏற்கெனவே ஒட்டிவிட்ட இயந்திரமாக இருந்தால், பிளக் துளைகளில் மெத்தனாலையே விட்டு ஓரிரவு ஊறவிடவும். ஆமணக்குப் பசையை அது கரைக்கும். மறுநாள் பிளைவீலைக் கையால் இருபுறமும் அசைத்து விடுவித்து, சிலிண்டரில் புது எண்ணெய் விட்டு, பொறியைச் சோதித்த பின்பே கயிற்றைச் சுற்றவும்.